பொம்மையின் பெயரும் மாதத்தின் எண்ணும்

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்கு 1.0 என்ற பதிப்பே கிடையாது. 1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் தொடங்கிய திட்டம் அது. 0.93 வரை எண்கள் ஒழுங்காக ஏறிவந்தன. அடுத்து முறையாக வெளிவந்தது 1.1. நடுவில் ஓர் எண் காணாமல் போனதற்குக் காரணம் ஒரு குறுந்தகடு.

1995 நவம்பரில் இன்ஃபோமேஜிக் என்ற நிறுவனம் லினக்ஸ் நிரலாளர்களுக்கென ஐந்து குறுந்தகடுகள் கொண்ட தொகுப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் 'டெபியன் 1.0' என்று ஒன்று இருந்தது. உண்மையில் அது வேலை நடந்துகொண்டிருந்த அரைகுறை வடிவம். நிரல் கோப்புகளைப் பழைய பைனரி வடிவத்திலிருந்து ஈஎல்எஃப் என்ற புதிய வடிவத்துக்கு மாற்றும் பணி பாதிதான் முடிந்திருந்தது. கணினியில் ஏற்றினால் ஒழுங்காகத் தொடங்குமா என்பதே சந்தேகம். டிசம்பர் 11 அன்று டெபியனும் இன்ஃபோமேஜிக்கும் கூட்டாக அறிவித்தன: அது 1.0 அல்ல, யாரும் பயன்படுத்த வேண்டாம். ஆனால் அச்சாகி ஊரெல்லாம் போய்விட்ட எண்ணைத் திரும்ப வாங்க வழியில்லை. உண்மையான 1.0 வந்தால் எது எதுவென்று யாருக்கும் தெரியாது. ஆகவே அந்த எண்ணையே கைவிட்டார்கள். 1996 ஜூன் 17 அன்று வந்தது டெபியன் 1.1. அதோடு ஒரு பெயரும் வந்தது: பஸ்.

மென்பொருளுக்குக் குறிப்பெயர் வைப்பதை விளையாட்டுத்தனம் என்று பலர் நினைக்கிறார்கள். எண் இருக்கும்போது பெயர் எதற்கு என்ற கேள்வி நியாயமாகவே தோன்றும். இந்தக் கேள்வியை டெபியனையும் அதன் வயிற்றில் பிறந்த உபுண்டுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் ஆராய முடியும் என்று நினைக்கிறேன். இரண்டும் ஒரே நிரல்களை, ஒரே பேக்கேஜ் முறையைப் பகிர்ந்துகொள்பவை. இரண்டுக்கும் எண்ணும் உண்டு, குறிப்பெயரும் உண்டு. ஆனால் டெபியனில் பெயர் முதுகெலும்பு, எண் ஒட்டு. உபுண்டுவில் எண் முதுகெலும்பு, பெயர் ஒட்டு. மற்றவை ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் இந்த ஒரு வேறுபாட்டின் விளைவு துலக்கமாகத் தெரிகிறது.

முதலில் டெபியன். அன்றைய அதன் எஃப்டிபி சேமிப்பகத்தை உலகெங்கும் பல சர்வர்கள் நகலெடுத்துப் பரிமாறிக்கொண்டிருந்தன. வளர்ந்துகொண்டிருக்கும் பதிப்பை 'நிலையற்றது' என்ற அடைவில் வைத்திருந்து, முடிந்ததும் 'நிலையானது' என்ற அடைவுக்கு நகர்த்தினால், கோப்புகளில் ஓர் எழுத்துகூட மாறாதபோதும் நகல் சர்வர்கள் அத்தனையும் முழுத் தொகுப்பையும் மறுபடி இறக்கியாக வேண்டும். அன்றைய இணைப்பு வேகத்தில் அது பெரிய தண்டனை. சரி, வரப்போகும் எண்ணையே அடைவுக்கு முதலிலிருந்து சூட்டிவிடலாமே என்றால், அதற்கு இன்ஃபோமேஜிக் பாடம் கண்முன் இருந்தது. எண்ணைப் பார்த்தவர்கள் பதிப்பு வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள்.

இரண்டு சிக்கலுக்கும் ஒரே விடையாகக் கிடைத்ததுதான் குறிப்பெயர். 'இது எது' என்பதை அது சொல்லும். 'முடிந்துவிட்டதா' என்பதைப் பற்றி வாய் திறக்காது. அடைவின் பெயர் தொடக்கம் முதல் இறுதிவரை அதேதான். 'நிலையானது' என்பது அந்த அடைவைச் சுட்டும் இணைப்பு மட்டும். வெளியீட்டு நாளில் அந்த இணைப்பை மாற்றினால் போதும், வேறு எதுவும் நகர வேண்டாம். வேடிக்கை என்று தோன்றும் ஒன்றின் அடியில் இவ்வளவு கறாரான பொறியியல் இருக்கிறது என்பதை முதன்முதலில் அறிந்தபோது எனக்கு இந்த விஷயத்தின் மேலேயே மரியாதை கூடியது.

பெயர்கள் எங்கிருந்து வந்தன என்பது பலருக்கும் தெரிந்த கதை. அப்போது திட்டத்தின் தலைவராக இருந்த புரூஸ் பெரன்ஸ் பிக்ஸார் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அந்தக் குறுந்தகடு சந்தைக்கு வந்த அதே 1995 நவம்பரில்தான் பிக்ஸாரின் 'டாய் ஸ்டோரி' திரைக்கு வந்தது. விண்வெளி வீரன் பஸ், டைனோசர் ரெக்ஸ், உண்டியல் பன்றி ஹேம், உருளைக்கிழங்குத் தலையன், கவ்பாய் வூடி என்று அந்தப் படத்தின் பொம்மைகளெல்லாம் வரிசையாக டெபியன் ஆயின. முப்பது ஆண்டுகளாக அந்தப் பொம்மைப் பெட்டி காலியாகவில்லை. 2025 ஆகஸ்டில் வந்த 13-ஆம் பதிப்பு டிரிக்ஸி. அடுத்தது ஃபோர்க்கி, அதற்கடுத்தது டியூக்.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது சிட். படத்தில் பொம்மைகளைப் பிய்த்துச் சேதப்படுத்தும் பக்கத்து வீட்டுப் பையன் அவன். டெபியனில் நிரந்தரமாக நிலையற்றதாகவே இருக்கும் பிரிவுக்கு அவன் பெயர். புதிய பேக்கேஜ்கள் முதலில் அங்கேதான் வந்து விழும். அங்கே எது எப்போது உடையும் என்று சொல்ல முடியாது. சிட்டுக்கு எண் கிடையாது. ஒருபோதும் வராது, ஏனென்றால் அது ஒருபோதும் வெளியிடப்படுவதில்லை. எண் என்பது முடிந்த ஒன்றுக்கு மட்டுமே உரியது என்ற டெபியனின் நிலைப்பாட்டை இதைவிடச் சுத்தமாகக் காட்ட முடியாது.

இந்தக் கறார் எண்ணின் பக்கத்தில் வரும்போது தளர்ந்துவிடுகிறது. வூடி என்ற 3.0 வெளிவந்தது 2002 ஜூலையில். சார்ஜ் என்ற 3.1 வந்தது 2005 ஜூனில். ஏறக்குறைய மூன்று ஆண்டுகள். அதற்குள் நிறுவியையே புதிதாக எழுதிவிட்டார்கள், பேக்கேஜ்களின் தொகை 15,000-ஐத் தாண்டிவிட்டது. எண் ஏறியதோ புள்ளிக்குப் பின்னால் ஒன்று. வெறும் எண்ணைப் பார்த்தவர் சில்லறைத் திருத்தம் என்றுதான் நினைத்திருப்பார். அதற்குப் பிறகு ஒவ்வொரு பெரிய வெளியீட்டுக்கும் முழு எண் ஒன்று கூடுகிறது. இப்போது அது வரிசை எண்ணைத் தவிர வேறெதையும் சொல்வதில்லை. நேர்மையான எண்தான், ஆனால் ஊமை எண்.

பெயரின் பலவீனம் வேறு மாதிரி. பஸ், ரெக்ஸ், போ, ஹேம், ஸ்லிங்க், பொட்டேட்டோ: இதில் எது முன், எது பின்? மனப்பாடம் செய்தவருக்கு மட்டுமே தெரியும். 10, 11, 12 ஆகிய மூன்று பதிப்புகளின் பெயர்கள் பஸ்டர், புல்ஸ்ஐ, புக்வார்ம். அடுத்தடுத்து மூன்றும் ஒரே ஆங்கில எழுத்தில் தொடங்குபவை. இரவு இரண்டு மணிக்கு சர்வர் விழுந்துவிட்டது என்று எழுப்பப்பட்டவர் தூக்கக் கலக்கத்தில் இந்த மூன்றையும் பிரித்தறிய வேண்டும். தன் பெயர்களை இவ்வளவு ஆழமாக அமைப்புக்குள் புதைத்த ஒரு திட்டம், அவற்றின் வரிசையைப் பற்றிக் கவலைப்படவே இல்லை என்பது எனக்குக் குறையாகத்தான் படுகிறது.

உபுண்டுவுக்கு வருவோம். மார்க் ஷட்டில்வொர்த் தொடங்கிய இந்த இயங்குதளத்தின் முதல் வெளியீடு 2004 அக்டோபர் 20 அன்று வந்தது. எண் 4.10. அதற்கு முன் 1, 2, 3 எதுவும் இல்லை. 4 என்பது ஆண்டு, 10 என்பது மாதம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும் வெளியிடுவோம் என்று சொல்லிவிட்டு, அந்தச் சொல்லையே எண்ணாக்கினார்கள். டெபியன் 'முடிந்தால் வரும்' என்றது. வூடிக்கும் சார்ஜுக்கும் இடையே மூன்றாண்டு நீண்ட அந்தக் காலத்தில்தான், 'இந்த மாதம் வரும்' என்று உபுண்டு சொன்னது. அந்த நாட்களில் லினக்ஸ் பயன்படுத்தியவர்களுக்கு இது எத்தனை பெரிய ஆறுதலாக இருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

தேதியை எண்ணாக்கினால், தாமதம் எண்ணிலேயே தெரிந்துவிடும். 2006 ஏப்ரலில் வரவேண்டிய 6.04-ஐ இன்னும் மெருகேற்ற வேண்டும் என்று ஆறு வாரம் தள்ளிவைத்தார்கள். ஜூன் 1 அன்று வெளிவந்தபோது அதன் எண் 6.06. இன்றுவரை உபுண்டுவின் வரலாற்றில் ஏப்ரல், அக்டோபர் இரண்டிலும் சேராத ஒரே எண் அதுதான். ஆனால் குறிப்பெயர் மாறவில்லை. டேப்பர் டிரேக் ஏப்ரலிலும் டேப்பர் டிரேக், ஜூனிலும் டேப்பர் டிரேக். மாதக்கணக்கில் அந்தப் பெயரில் அடைவு அமைத்து, பேக்கேஜ் கட்டி, பிழை பதிந்து வேலை செய்துகொண்டிருந்த யாருக்கும் ஒரு வரிகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. எண்ணை நம்பி நின்ற உபுண்டுவையே ஒரு முறை பெயர் தாங்கிப் பிடித்தது என்று இதைச் சொல்வேன். டெபியன் தன் குறிப்பெயரில் கண்ட பயனும் இதுவே.

இதற்கு எதிர்த்திசையில் ஒரு நிகழ்ச்சியும் உண்டு. 2010-இன் அக்டோபர் வெளியீட்டின் எண் 10.10. அதை அக்டோபர் 10 அன்றே வெளியிட்டார்கள். உபுண்டு வெளியீடுகள் வழக்கமாக மாதத்தின் பின்பகுதியில் ஒரு வியாழக்கிழமை வரும். அந்த ஆண்டு மட்டும் ஒரு ஞாயிறு. எண் அழகாக அமைய வேண்டும் என்பதற்காக வேலை நாட்களைக் குறைத்துக்கொண்டார்கள். தேதியைச் சொல்ல வந்த எண், தேதியைத் தீர்மானிக்கத் தொடங்கிய தருணம் அது. கொண்டாட்டம் புரிகிறது. ஆனால் மென்பொருள் முடிந்த நாளை எண் பின்தொடர வேண்டும், எண்ணை மென்பொருள் பின்தொடரக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

குறிப்பெயரிலும் உபுண்டு தாயிடமிருந்து விலகியது. ஓர் உரிச்சொல், ஒரு விலங்கு, இரண்டும் ஒரே ஆங்கில எழுத்தில் தொடங்க வேண்டும். டேப்பருக்குப் பிறகு அகர வரிசையும் கட்டாயமாயிற்று. ஹார்டிக்குப் பின் இன்ட்ரெபிட், அதற்குப் பின் ஜான்டி, கார்மிக், லூசிட். பெயரைக் கேட்டாலே முன்பின் தெரிந்துவிடுகிறது. டெபியனின் பொம்மைகளுக்கு இல்லாத வசதி. எண்ணின் ஒரே மேன்மையான வரிசையைப் பெயருக்குள்ளும் கொண்டுவந்துவிட்டார்கள் என்று தோன்றும்.

அந்த வசதி பதினோரு ஆண்டுகள் நீடித்தது. 2017 ஏப்ரலில் 17.04-க்குக் கடைசி எழுத்தில் ஸெஸ்டி ஸாபஸ் என்று பெயர். அக்டோபரில் முதல் எழுத்துக்கே திரும்பி ஆர்ட்ஃபுல் ஆர்ட்வார்க். மனிதருக்கு இதில் குழப்பமில்லை. கணினிக்கு உண்டு. தனிப்பட்ட பேக்கேஜ் களஞ்சியம் வைத்திருப்பவர்கள் ஒரே நிரலை ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனித்தனியாகக் கட்டி, பதிப்பு எண்ணின் வாலில் குறிப்பெயரை ஒட்டுவது ஒரு வழக்கமாக இருந்தது. பேக்கேஜ் முறை இரண்டு பதிப்புகளை ஒப்பிடும்போது எழுத்துகளை எழுத்து வரிசைப்படிதான் பார்க்கும். ஆர்ட்ஃபுல் என்று முடிவது ஸெஸ்டி என்று முடிவதைவிடப் பழையது என்று அது முடிவு கட்டிவிடும். புதிய உபுண்டுவுக்கு மாறியவரின் கணினியில் பழையதற்குக் கட்டிய நிரலே தங்கிவிடும். குறிப்பெயருக்குப் பதில் 17.04, 17.10 என்று வாலில் எண்ணை ஒட்டியவர்களுக்கு இந்தச் சிக்கலே எழவில்லை. இருபத்தாறு எழுத்துகளுக்கு முடிவு உண்டு, எண்களுக்கு இல்லை.

இரண்டு முறைகளும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. இன்றைய ஏறக்குறைய எல்லா லினக்ஸ் கணினிகளிலும் 'ஓஎஸ்-ரிலீஸ்' என்றொரு சின்னக் கோப்பு இருக்கும். உபுண்டு கணினியில் அதைத் திறந்தால் பதிப்பு எண் 22.04 என்று ஒரு வரி, குறிப்பெயர் ஜாமி என்று இன்னொரு வரி. டெபியனில் 12, புக்வார்ம். இரண்டும் இரண்டையும் சொல்கின்றன. ஆனால் புழக்கத்தில் எது நிலைக்கிறது என்பது வேறு. சர்வர் பராமரிப்பவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டால் தெரியும். டெபியன்காரர் 'நம்ம மெஷின்ல புக்வார்ம் ஓடுது' என்பார். உபுண்டுக்காரர் 'ட்வென்டி டூ ஓ ஃபோர்' என்பார். நிரலை அது ஓடத் தேவையானவற்றோடு சேர்த்துக் கட்டிவைக்கும் டாக்கர் படிமங்களிலும் இதே வழக்கம். பைத்தான் படிமத்தின் பெயரில் புக்வார்ம் என்றுதான் ஒட்டியிருக்கும். உபுண்டு படிமத்தைப் பெரும்பாலோர் எண்ணால்தான் அழைப்பார்கள். ஆனால் உபுண்டுவின் களஞ்சிய முகவரிகளுக்குள் போனால் அங்கே எண் கிடையாது, ஜாமி என்ற பெயர்தான். தாயின் சேமிப்பக அமைப்பு அப்படியே வந்திருக்கிறது. வாசலில் எண், சமையலறையில் பெயர்.

இந்த இரட்டை அடையாளத்தின் சுமை வழித்தோன்றல்களில் இன்னும் கூடுகிறது. லினக்ஸ் மின்ட் உபுண்டுவின் மேல் கட்டப்பட்டது. அதற்குத் தனியாகப் பெண் பெயர்கள். மின்ட் 21-இன் பெயர் வனெஸ்ஸா. வெளி நிறுவனம் ஒன்றின் நிரலை நிறுவ, அதன் வழிகாட்டிக் குறிப்பில் உள்ள கட்டளையை அப்படியே இயக்கினால், கணினி தன் குறிப்பெயராக 'வனெஸ்ஸா' என்று சொல்லும். அந்த நிறுவனத்தின் களஞ்சியத்தில் வனெஸ்ஸா என்று எதுவும் இருக்காது, ஜாமிதான் இருக்கும். பிழைச் செய்தி வரும். இதனாலேயே மின்ட்டின் ஓஎஸ்-ரிலீஸ் கோப்பில் அடித்தளமான உபுண்டுவின் குறிப்பெயருக்கென்று தனி வரி இருக்கிறது. சென்னை சி-டாக் ஆய்வு நிறுவனம் டெபியனை அடித்தளமாக வைத்து உருவாக்கிய பாஸ் லினக்ஸைத் தமிழ்நாட்டுப் பள்ளி, கல்லூரி மாணவர்கள் அரசின் இலவச மடிக்கணினிகளில் பார்த்திருப்பார்கள். அதற்கும் எண்ணும் பெயரும் தனித்தனி. எந்த டெபியனின் மேல் எழுந்தது என்பதை அந்த எண்ணும் சொல்லாது, அந்தப் பெயரும் சொல்லாது. ஒரு பாதுகாப்புக் குறை பற்றி 'டெபியன் 7-க்குப் பொருந்தும்' என்று அறிவிப்பு வந்தால், அது தன் கணினிக்கும் பொருந்துமா என்று ஓர் ஆசிரியர் எப்படித் தெரிந்துகொள்வார்?

எண்ணுக்குப் பெயரைவிட மரியாதை அதிகம். அது கணக்கு, அதனால் அதில் பொய் இருக்காது என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. பெரிய நிறுவனங்களின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. விண்டோஸ் 7 தன்னை நிரல்களிடம் 6.1 என்றே அறிமுகப்படுத்திக்கொள்ளும். விஸ்டாவின் 6.0-ஐ எதிர்பார்த்து எழுதிய நிரல்கள் 7 என்ற எண்ணைக் கண்டு முரண்டு பிடிக்கக் கூடாது என்பதே காரணம். விண்டோஸ் 11 இன்றும் உள்ளே 10.0தான். 2020-இல் ஆப்பிள் தன் மேக் இயங்குதளத்தை 10.15-லிருந்து 11-க்கு ஏற்றியபோது, பழைய நிரல்கள் கேட்டால் மட்டும் 10.16 என்று பதில் சொல்லும்படி அமைத்தது. லினக்ஸின் கருவான கெர்னலும் தப்பவில்லை. 2011-இல் அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2.6.39-க்குப் பின் 3.0 என்று மாற்றினார். பெரிய மாற்றம் எதுவும் இல்லை, எண் நீண்டுபோய்விட்டது, கெர்னலுக்கும் இருபது வயதாகிறது என்று வெளிப்படையாகவே சொன்னார். ஆனாலும் 2.6 என்று தொடங்கும் என நம்பி எழுதிய நிரல்கள் உடைந்தன. அவற்றுக்காக 2.6.40 என்று காட்டிக்கொள்ளும் வசதி ஒன்றைக் கெர்னலுக்குள்ளேயே சேர்க்க வேண்டியதாயிற்று.

இந்தக் கதைகளை வெறும் ஏமாற்று என்று நான் பார்க்கவில்லை. இங்கேதான் எண்ணுக்கும் பெயருக்கும் உள்ள உண்மையான வேறுபாடு தெரிகிறது. எண்ணைப் படிப்பவர்கள் மனிதர்கள் மட்டும் இல்லை. யாரோ எப்போதோ எழுதிய ஆயிரக்கணக்கான நிரல்களும் அதைப் படிக்கின்றன, பெரிதா சிறிதா என்று ஒப்பிட்டு முடிவெடுக்கின்றன. ஆகவே எண் ஒரு வாக்குறுதி, அதை மாற்றினால் யாரோ ஒருவரின் வேலை நிற்கும். பெயரை யாரும் பெரிது சிறிது பார்ப்பதில்லை. இதுவா அதுவா என்று மட்டுமே கேட்பார்கள். ஸெஸ்டி, ஆர்ட்ஃபுல் விவகாரம் பெயரை எண்ணின் வேலைக்கு வைத்ததால் வந்தது. எண்ணைப் பெயரின் வேலைக்கு, அதாவது விளம்பரத்துக்கு, வைத்தாலும் இதே கேடுதான். 1999-இல் ஸ்லாக்வேர் என்ற லினக்ஸ் 4-லிருந்து ஒரே தாவலில் 7-க்குப் போனது. மற்ற லினக்ஸ்களின் எண்கள் பெரிதாக இருந்ததால் தன்னுடையது பழையது என்று மக்கள் நினைக்கிறார்கள் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

பெயர் வாடிக்கையாளரிடம் போன கதையை ஆண்ட்ராய்டு அளவுக்கு வேறெதுவும் காட்டாது. 2009-இல் 1.5 கப்கேக் தொடங்கி 2018-இல் 9 பை வரை எல்லாம் தின்பண்டங்கள். 2015 டிசம்பரில் கூகிளின் சுந்தர் பிச்சை டெல்லியில் மாணவர்களைச் சந்தித்தபோது, இந்திய இனிப்பின் பெயர் வைக்கக் கூடாதா என்ற கேள்வி எழுந்தது. இணையத்தில் வாக்கெடுப்பு நடத்திப் பார்க்கலாம் என்ற அளவில் அவர் பதில் சொல்ல, கேரளத்து இளைஞர்கள் அடுத்த பதிப்புக்கு 'நெய்யப்பம்' என்று உற்சாகமாகப் பிரசாரம் செய்தார்கள். வந்தது நூகட். 2019 ஆகஸ்டில் கூகிள் தின்பண்டங்களையே நிறுத்திவிட்டு 'ஆண்ட்ராய்டு 10' என்றது. உலகின் பல பகுதிகளில் அந்தப் பண்டங்களே அறிமுகமில்லை, தன் போனில் இருப்பது புதியதா பழையதா என்று மக்களுக்குத் தெரியவில்லை என்று விளக்கம் தந்தது. சரியான முடிவு. அதைவிட முக்கியமாக நான் கருதுவது, நிரலாளர்கள் ஒருநாளும் தின்பண்டத்தை நம்பியதில்லை என்பது. ஜெல்லி பீன் என்ற ஒரே பெயரில் 4.1, 4.2, 4.3 மூன்றும் வந்தன. நிரலுக்குள் எழுதும் ஏபிஐ எண்கள் 16, 17, 18 என்று தனித்தனியாக இருந்தன. கடைத்தெருவில் இருந்து பெயர் போன பிறகும் கூகிளுக்குள் தின்பண்டங்கள் தொடர்கின்றன. பிறந்த இடத்துக்கே பெயர் திரும்பிவிட்டது.

பெயருக்கு மட்டுமே முடிகிற ஒரு காரியம் உண்டு, அதைச் சொல்லாமல் இந்த ஒப்பீடு நியாயமாகாது. டெபியன் 2.2 வெளிவந்தது 2000 ஆகஸ்டில். அதற்கு ஒரு மாதம் முன் ஜோயல் கிளெக்கர் என்ற இருபத்தொரு வயது நிரலாளர் தசைச்சிதைவு நோயால் இறந்தார். படுக்கையில் கிடந்தபடிதான் அவர் இத்தனை காலமும் டெபியனுக்கு உழைத்தார் என்பது உடன் வேலை செய்த பெரும்பாலோருக்கு அதுவரை தெரியாது. அந்த வெளியீட்டை அவருக்குக் காணிக்கையாக்கினார்கள். பழைய டெபியன்காரர்கள் அதை 2.2 என்று நினைவுகூர்வதில்லை. பொட்டேட்டோ என்பார்கள், அந்தப் பெயரோடு சேர்ந்து ஜோயலும் வருவார். 2015 டிசம்பரில் இயன் மர்டாக் இறந்த பின் வந்த ஸ்ட்ரெட்ச் அவருக்குக் காணிக்கை. சம்பளமின்றி ஊர் ஊராகச் சிதறியிருந்து இரண்டாண்டு சேர்ந்து வேலை செய்பவர்களுக்கு, அந்தக் காலத்தைக் கூப்பிட ஒரு பெயர் வேண்டும். இதை விளையாட்டுத்தனம் என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனாலும் மென்பொருளைச் செய்தவரைவிட அதைப் பயன்படுத்துபவர் பலர். நூலகத்தில், கூட்டுறவுச் சங்கத்தில், பள்ளி ஆய்வகத்தில் கணினியைப் பார்த்துக்கொள்ளும் ஒருவருக்கு வேண்டியது ஒரே தகவல்: இதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் எதுவரை வரும்? மருந்து அட்டையில் பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நாம் தேடுவது காலாவதித் தேதியைத்தானே. இந்தக் கேள்வியில் உபுண்டு டெபியனைத் தெளிவாக வெல்கிறது. இரட்டைப்படை ஆண்டின் ஏப்ரலில் வரும் நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு ஐந்தாண்டு பொது ஆதரவு. 22.04 என்று பார்த்தவுடன் 2027 ஏப்ரல் என்று மனக்கணக்காகச் சொல்லிவிடலாம். 25.04 என்றால் அது ஒன்பது மாதப் பதிப்பு, 2026 ஜனவரியோடு சரி. புக்வார்ம் என்ற பெயரிலிருந்தும் 12 என்ற எண்ணிலிருந்தும் இந்தக் கணக்குக்கு வழியே இல்லை. அது 2023 ஜூனில் வந்தது என்பதையும், மூன்றாண்டு முழு ஆதரவு, மேலும் இரண்டாண்டு நீட்டிப்பு என்பதையும் வேறெங்கோ தேடிப்பிடிக்க வேண்டும்.

என்னிடம் தேர்வை விட்டால் வளரும் காலத்துக்கு டெபியன் வழியில் பெயர், வெளிவந்த நாளிலிருந்து உபுண்டு வழியில் ஆண்டும் மாதமும் என்று பிரிப்பேன். ஓபன்ஸ்டாக் திட்டம் ஏறத்தாழ அங்கேதான் வந்து சேர்ந்திருக்கிறது. 2010-இல் ஆஸ்டின் என்று தொடங்கி அகர வரிசையில் பெயர்களால் மட்டும் அறியப்பட்ட அது, 2022-இல் ஸெட் என்ற கடைசி எழுத்தைத் தொட்டதும், அடுத்த வெளியீட்டுக்கு 2023.1 என்ற எண்ணை முன்னால் வைத்து, ஆன்டிலோப் என்ற பெயரை அதன் பின்னால் நிறுத்தியது.

2022-இல் ஓஎஸ்-ரிலீஸ் கோப்பின் இலக்கணத்தில் புதிதாக ஒரு வரிக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆதரவு முடியும் நாளை ஆண்டு, மாதம், தேதியோடு அதில் எழுதலாம். அந்த நாள் கடந்துவிட்டால், சிஸ்டம்டி என்ற அடிப்படை நிரல் அந்தக் கணினியை ஆதரவு முடிந்தது என்று தானே குறித்துவைக்கும். 2013-க்குப் பின் குறிப்பெயர்களையே கைவிட்ட ஃபெடோரா என்ற லினக்ஸ் இந்த வரியை நிரப்பத் தொடங்கிவிட்டது. பெயரை நம்பும் டெபியனுக்குத்தான் அந்த வரி மற்ற எவரையும்விட அவசரத் தேவை.